ஸ்தல அரசாங்கமும் ஐந்து மைல் கால்வாயும்

(சென்னை நீர்வழிகளின் கதை: 9)

மயிலாப்பூர்வாசி ஒருவரிடம் ‘ஸ்தலம்’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் மனம் உடனே பாடல் பெற்ற ஸ்தலமாகிய கபாலீசுவரர் கோயிலுக்கும், அங்கே ஸ்தல விருட்சமாக நிற்கும் புன்னை மரத்துக்கும், அம்பிகை மயிலுருக் கொண்டு ஈசனைப் பூசித்ததாகச் சொல்லும் ஸ்தல புராணத்துக்கும் போய்விடும். அதே சொல்லை ரிப்பன் மாளிகைப் படிக்கட்டில் நின்று சொன்னால் அது ஸ்தல ஸ்தாபனமாகித் தெருவிளக்கையும் குப்பை வண்டியையும் குறிக்கும். ஆனால் நம் கதை நடக்கும் 1870களில், கல்கத்தாவில் இயற்றிய சட்டங்களில் ‘லோக்கல் கவர்ன்மெண்ட்’, அதாவது ஸ்தல அரசாங்கம், என்று எங்கெல்லாம் அச்சாகியிருந்ததோ அங்கெல்லாம் அதற்குப் பொருள், வடக்கே கஞ்சாம் முதல் தெற்கே திருநெல்வேலி வரையில் பரந்து கிடந்த ராஜதானியைச் சென்னைக் கோட்டையிலிருந்து ஆண்ட கவர்னரும் அவருடைய ஆலோசனை சபையும் என்பதே. கல்கத்தாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இத்தனை பெரிய ராஜதானியும் ஒரு ஸ்தலந்தான்.

இந்தச் சொல்லாராய்ச்சியை வீண் பொழுதுபோக்கு என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகச் சுமார் 5 மைல் நீளத்துக்கு ஒரு கால்வாய் வெட்டும் அதிகாரம் யாருக்கு இருந்தது என்று கேட்டால், அதற்கு விடை இந்தச் சொல்லின் வயிற்றுக்குள்தான் இருக்கிறது.

சென்ற இதழில் பாசில் காக்ரேன் துரையின் கால்வாயைப் பார்த்தோம். கறுப்பர் நகரத்திலிருந்து எண்ணூர் வரையில் 11 மைல் தூரத்துக்கு 1806இல் அவர் ஓடவிட்ட அந்த உப்புநீர் வழி, சர்க்கார் தந்த சலுகையின்மேல் ஒரு தனிமனிதர் லாபம் கருதிச் செய்த காரியம். படகுக்காரர்களிடம் சுங்கம் வாங்கிப் பிழைத்த அந்தக் கால்வாயை 1837இல் சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொண்டு, பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலும் நீட்டத் தொடங்கிற்று. 1850களில் அடையாற்றுக்குத் தெற்கே, கோவளம் வழியாகப் பாலாற்றுத் திசையிலும் ஒரு கால்வாய் பிறந்தது. இப்படியாக நகரத்துக்கு வடக்கே ஒரு நீர்வழி, தெற்கே ஒரு நீர்வழி; இரண்டுக்கும் நடுவே, நகரத்தின் வயிற்றுப் பகுதியில், 5 மைல் வறண்ட தரை.

வடக்கேயிருந்து உப்பும் விறகும் ஏற்றி வரும் படகு கூவத்தோடு நின்றுவிடும். தெற்கேயிருந்து சவுக்குக் கட்டையும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் ஏற்றி வரும் படகு அடையாற்றோடு நின்றுவிடும். ஆற்று முகத்துவாரத்தின் வழியே கடலுக்குள் இறங்கி அடுத்த ஆற்றுக்குள் ஏறிக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால், வருஷத்தில் பெரும்பகுதி இரண்டு முகத்துவாரங்களையும் மணல் திட்டு அடைத்துக் கிடக்க, அதற்கு அப்பால் சென்னைக் கடற்கரையின் பேரலை மடிந்து மடிந்து விழுந்துகொண்டிருக்கும்போது, அலையறியாத தட்டையடிப் படகைக் கொண்டு அந்த வித்தையைச் செய்ய எந்தப் படகுக்காரனும் துணியமாட்டான். ஆகவே சரக்கைக் கரையில் இறக்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, ஊரைக் கடந்து கொண்டுபோக வேண்டியிருந்தது. 5 மைலுக்கு வண்டிச் சத்தம், ஏற்றுகூலி, இறக்குகூலி என்று கணக்குப் பார்த்தால் நூறு மைல் நீர்வழியில் மிச்சம் பிடித்த காசு அங்கே கரைந்துபோகும்.

இந்த இடைவெளியை அடைக்க வேண்டும் என்பது யாருக்கும் புலப்படாத ரகசியமன்று. கோதாவரிக்கு அணை கட்டிய ஆர்தர் காட்டன், ரயிலைவிட நீர்வழியே இந்தியாவுக்கு உகந்தது, அதுவே மலிவானது என்று ஆயுள் முழுவதும் வாதாடி, அதனாலேயே ரயில் கம்பெனிக்காரர்களின் பகையைத் தேடிக்கொண்டவர். கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக் கால்வாய்களைக் கடற்கரைக் கால்வாயோடு கோத்துவிட்டால் காக்கிநாடாவில் ஏற்றிய நெல் மூட்டை சென்னையில் வந்து இறங்கும் என்ற எண்ணம் அந்தக் காலத்து இன்ஜினீயர்களிடையே பரவியிருந்தது. எண்ணம் இருந்தது, வரைபடம் இருந்தது. வெட்டலாம் என்று சொல்ல வேண்டிய வாய்தான் பேசாமல் இருந்தது.

அந்த வாய் யாருடையது? முதலில் ஊர்க்காரர்களை எடுத்துக்கொள்வோம். 1867ஆம் வருஷத்துச் சட்டப்படி சென்னை நகரம் 8 பிரிவுகளாக வகுக்கப்பட்டு, 32 கமிஷனர்கள் அடங்கிய ஒரு நகரசபை இருந்தது. அத்தனை பேரும் சர்க்கார் நியமித்தவர்கள். தெருவைச் செப்பனிடுவது, விளக்கேற்றுவது, கழிவை அகற்றுவது ஆகியவை அவர்களுடைய ராஜ்யம். 1872இல் செங்குன்றம் ஏரித் தண்ணீர் கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த வாய்க்காலில் வந்து சேர்ந்ததே நகரத்துக்கு ஒரு பெரிய சம்பிரமமாக இருந்த காலம் அது. ஒரு நதியை இன்னொரு நதியோடு சேர்க்கும் விவகாரத்தில் இந்தச் சபைக்கு ஒரு செங்கல்லை நகர்த்தவும் பாத்தியதை கிடையாது. தன் கொல்லைப்புறத்தில் கால்வாய் வரப்போகிறது என்பதை மயிலாப்பூர்க்காரன் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் சர்க்கார் கெஜட்தான்.

அந்தக் கெஜட்டுக்குப் பின்னால் இருந்தது 1870ஆம் வருஷத்து 10ஆவது சட்டம். நில ஆர்ஜிதச் சட்டம். இன்ன நிலம் பொதுக்காரியத்துக்குத் தேவை என்று ஸ்தல அரசாங்கம் பிரகடனம் செய்துவிட்டால், தேவை என்பதற்கு அந்தப் பிரகடனமே முடிவான சாட்சியம். அதற்கு மேல் விசாரணை இல்லை. நிலத்துக்குச் சந்தை விலையும், கட்டாயமாகப் பறிகொடுத்ததற்காக அதன்மேல் நூற்றுக்கு 15 வீதமும் உண்டு. விலை போதாது என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். அங்கே நீதிபதியோடு மதிப்பீட்டாளர்களும் அமர்ந்து தொகையைத் தீர்மானிப்பார்கள். என் தென்னந்தோப்புக்கு விலை குறைவு என்று வழக்காட வழியுண்டு. என் தென்னந்தோப்பின் நடுவே கால்வாய் எதற்கு என்று வழக்காட வழியில்லை. இந்த ஒரு வித்தியாசத்தைக் கிரகித்துக்கொண்டவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டின் ஆட்சிமுறை பெரும்பாலும் விளங்கிவிடும்.

அப்படியானால் கவர்னர் சர்வ வல்லமை படைத்தவரா என்றால், அதுவும் இல்லை. நிலத்தைப் பிடுங்கும் அதிகாரம் கையில் இருந்ததே தவிர, வெட்டுகிற செலவுக்குப் பெட்டிச் சாவி கல்கத்தாவில் இருந்தது. 1870இல் மேயோ பிரபு போலீஸ், கல்வி, சாலை முதலான சில இலாகாக்களின் செலவை மாகாணங்களிடம் விட்டுக்கொடுத்தாரானாலும், பெரிய வேலைகளுக்கு மேலிடத்து மஞ்சூர் வேண்டும் என்ற நியமம் மாறவில்லை. வெட்ட அதிகாரமுள்ளவன் கையில் பணம் இல்லை, பணமுள்ளவனுக்கு அவசரம் இல்லை. இப்படி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நிலையில் வந்து சேர்ந்தது தாது வருஷம்.

தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் சொன்ன கதைகள் இன்னும் சில குடும்பங்களில் வழங்கி வரலாம். 1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அந்த வருஷ முடிவில் சென்னை நகரத்துக்குள் நாலா ஜில்லாக்களிலிருந்தும் ஜனங்கள் வந்து குவியலானார்கள். தானிய விலை ஏறிற்று. மூட்டைகள் துறைமுகத்தில் கிடந்தபடியே ஊரில் பசி பரவிற்று. பஞ்சம் ஓய்வதற்குள் தென்னிந்தியாவில் மாண்டவர்கள் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். இந்தத் தொகையை எழுதும்போது பேனா ஒரு கணம் நிற்கத்தான் செய்கிறது.

அப்பொழுது கவர்னராக இருந்தவர் பக்கிங்காம்-சாண்டாஸ் டியூக் பட்டத்துக்கு மூன்றாமவர். 1875இல் வந்து 1880 வரையில் இருந்தார். இவருடைய தந்தை பத்து லட்சம் பவுனுக்கு மேல் கடன்பட்டு, 1848இல் தம் ஸ்டோ மாளிகையின் மேஜை நாற்காலி வரையில் 40 நாள் ஏலத்தில் விட்டவர். அந்தக் கடனை அடைக்கும் சுமையோடு வளர்ந்த மகன், செலவுக் கணக்கைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் மனிதராக ஆனதில் ஆச்சரியமில்லை. லண்டன்-வடமேற்கு ரயில்வேயின் தலைவராக 1853 முதல் 1861 வரையில் வேலை பார்த்தவர். பிறகு குடியேற்ற நாடுகளின் மந்திரி. ரயில்வே உத்தியோகத்தில் பழகிய ஒருவரின் பெயரைக் கால்வாய் ஒன்று சுமக்க நேர்ந்தது விதியின் சிறு வேடிக்கை. அந்த வேடிக்கையின் மற்றொரு பாதி நூறு வருஷத்துக்குப் பிற்பாடு வருகிறது.

ராஜப் பிரதிநிதி லிட்டன் பிரபுவுக்கோ அப்போது மனமெல்லாம் டில்லியில். விக்டோரியா ராணி சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்யும் தர்பாரை 1877 ஜனவரி முதல் தேதி நடத்தும் ஏற்பாட்டில் அவர் மூழ்கியிருக்க, சென்னையில் டியூக்கின் அரசாங்கம் டிசம்பரில் ஆர்பத்நாட் கம்பெனி மூலம் 30,000 டன் தானியத்தை ரகசியமாக வாங்கி வைத்தது. விலை கட்டுமீறிப் போகாமல் தடுக்க வேண்டும் என்பதே நோக்கம். வியாபாரத்தில் சர்க்கார் கையிடுவது அர்த்த சாஸ்திரத்துக்கு மகா அபசாரம் என்பது கல்கத்தாவின் வேதவாக்கு. ஆகவே சென்னைக்குக் கண்டனம் வந்தது. வேலை கொடுத்து நிவாரணம் செய்யும் விஷயத்திலும், சென்னை கையை நீட்டிச் செலவழிக்கிறது என்ற முணுமுணுப்பு எழுந்து, மேற்பார்வைக்காக ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை ஜனவரியில் அனுப்பிவைத்தார்கள். நம் டியூக்கின் நெடும்பெயரும் ரிச்சர்ட் என்று தொடங்கி, நடுவே டெம்பிள் என்ற குடும்பப் பெயரையும் கொண்டது. ஒரே பெயருடைய இருவரும் ஒரு பஞ்சத்தின் இரு பக்கத்தில் நின்றார்கள்.

டெம்பிள் வகுத்த கூலி, நாள் முழுவதும் வெயிலில் மண் சுமக்கும் ஓர் ஆணுக்கு 1 பவுண்டு தானியமும் 1 அணாவும். பெண்ணுக்கும் சிறுவருக்கும் அதிலும் குறைவு. இந்த அளவில் மனிதன் உயிர் தரிக்க முடியாது, ஒன்றரை பவுண்டாவது வேண்டும், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று மல்லுக்கு நின்றவர், சென்னையின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ். மார்ச் மாதத்தில் சென்னை அரசாங்கம் அவர் பக்கம் பாதி தூரம் வந்து, கூலியை ஒன்றேகால் பவுண்டு தானியமும் ஒன்றரை அவுன்ஸ் பருப்புமாக உயர்த்திற்று. இந்தக் கால் பவுண்டுக்காக நடந்த கடிதப் போரில் செலவான காகிதத்தின் எடை அதற்கு மேலேயே இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இந்தச் சூழ்நிலையில்தான் அந்த 5 மைல் கால்வாய் வேலை தொடங்கிற்று. சாந்தி காலத்தில் அது ஒரு வியாபாரச் சௌகரியம். லாபக் கணக்குக் காட்டினாலன்றி மஞ்சூர் ஆகாது. பஞ்ச காலத்திலோ அதுவே நிவாரண வேலை என்ற வேறு வேஷம் பூண்டது. மண்வெட்டியும் கூடையும் தவிர வேறு கருவி வேண்டாத வேலை. பயிற்சி இல்லாதவனும் செய்யக்கூடிய வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, பசித்தவர்கள் வந்து குவிந்திருந்த நகரத்தின் நடுவிலேயே செய்யக் கூடிய வேலை. ஸ்தல அரசாங்கத்துக்கு இருந்த நில ஆர்ஜித அதிகாரத்தோடு, பஞ்சத்தின் பெயரால் கிடைத்த செலவு அதிகாரமும் வந்து சேர்ந்ததால், எத்தனையோ வருஷம் காகிதத்தில் கிடந்த கோடு தரையில் இறங்கிவிட்டது. பக்கிங்காம் கால்வாயின் நடுப்பகுதியைப் பசி வெட்டிற்று என்று சொல்வது அலங்காரமாகப் படலாம். சட்டக் கண் கொண்டு பார்த்தாலும் அதுதான் நடந்தது.

மண்வேலையை நேரில் பார்த்தவர்களுக்கு அதன் முறை தெரியும். முதலில் கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு இடுவார்கள். ஆண்கள் கடப்பாரையால் கெல்லி மண்வெட்டியால் வாரிக் கூடையில் போட, பெண்கள் தலையில் சும்மாட்டின்மேல் கூடையை ஏற்றிக்கொண்டு கரைமேல் ஏறிக் கொட்டிவிட்டுத் திரும்புவார்கள். பள்ளம் ஆழமாக ஆக, இந்த ஏற்றம் செங்குத்தாகும். அன்றாடம் எத்தனை மண் எடுத்தார்கள் என்று அளப்பதற்காகக் குழியின் நடுவே ஒரு திட்டை வெட்டாமல் விட்டுவைப்பது வழக்கம். புல்லும் போகாமல் பழைய தரைமட்டத்தோடு நிற்கும் அந்தத் திட்டின் உயரந்தான் மாலையில் கூலிக்குச் சாட்சி. தறியில் விரல் ஓட்டிய நெசவாளியும், ஏர் விற்றுத் தின்றுவிட்டு வந்த குடியானவனும், மழை பொய்த்ததால் அறுவடைக் கூலி இழந்தவனும் ஒரே குழிக்குள் இறங்கும்போது, பழக்கப்பட்ட ஒட்டன் எடுக்கும் மண்ணில் பாதியை எடுக்கவும் அவர்களுக்குத் திராணி இருந்திராது. நிவாரண வேலை என்றால் மண்ணின் விலை ஏறிப்போகும் என்று இன்ஜினீயர்கள் அங்கலாய்ப்பது இதனால்தான்.

கோடு போன வழியையும் கவனிக்க வேண்டும். சேப்பாக்கத்தில் கூவத்தைவிட்டுப் புறப்பட்டு, திருவல்லிக்கேணிக்கும் கடலுக்கும் நடுவாகத் தெற்கே இறங்கி, சாந்தோமுக்கும் மயிலாப்பூருக்கும் ஊடே போய், முண்டகக் கண்ணியம்மன் கோயில் பக்கமாக மேற்கே திரும்பி லஸ்ஸை எட்டி, மறுபடியும் தெற்கே வளைந்து மந்தைவெளி வழியாக அடையாற்றில் போய் விழுகிறது. கபாலீசுவரர் கோயிலையும் தெப்பக்குளத்தையும் அது தொடவில்லை; வடக்கிலும் மேற்கிலும் அணைத்தாற்போல ஒதுங்கிப் போகிறது. ஸ்தல அரசாங்கம் ஸ்தலத்துக்கு ஒதுங்கி வழிவிட்டது என்று பக்தர்கள் சொல்லிக்கொள்ளட்டும். மட்டப் பலகையும் நிலத்தின் விலையும் என்ன சொல்லின என்பதை நான் ஆராயப் போவதில்லை.

1877 ஆகஸ்டு இறுதியில் லிட்டன் பிரபுவே சென்னைக்கு வந்தார். அதன் பிறகு பஞ்ச நிர்வாகத்தை டியூக் தம் நேர்ப்பார்வையில் எடுத்துக்கொண்டார். மழை பெய்தது. கால்வாய் 1878இல் முடிந்து, கூவத்து நீரும் அடையாற்று நீரும் நகரத்துக்குள்ளேயே கைகோத்தன. அதன்பின், வடக்கே பெத்த கஞ்சாம் முதல் தெற்கே வளர்ந்துகொண்டிருந்த முனை வரையில் முழு நீர்வழிக்கும் பக்கிங்காம் கால்வாய் என்று பெயரிட்டார்கள். பஞ்ச நிவாரணமாக அதை வளர்த்ததில் டியூக் காட்டிய சிரத்தைக்கு அது மரியாதை. காக்ரேனின் பெயர் அதோடு மறைந்தது. பஞ்சாங்கக்காரர் கணக்கில் அந்த வருஷத்துக்குப் பெயர் வெகுதானிய.

அதே 1878இல் நடந்த இன்னொரு காரியத்தையும் இங்கே குறிக்க வேண்டும். புதிய நகரசபைச் சட்டம் வந்து, 32 கமிஷனர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆயிற்று. கால்வாய் தோண்டி முடிந்த வருஷத்தில் ஊர்க்காரன் வாய்க்குப் பாதிப் பூட்டுத் திறந்தது. 1882 மே மாதத்தில் ரிப்பன் பிரபு ஸ்தல சுய ஆட்சி பற்றிய தீர்மானத்தை வெளியிட்ட பிறகே ‘ஸ்தல’ என்ற அடைமொழி கவர்னரின் மாளிகையிலிருந்து மெல்ல இறங்கி நகரசபை வாசலுக்கு வந்து சேர்ந்தது. சொல் இறங்கி வந்தது. நீர்மேல் அதிகாரம் கூடவே இறங்கி வரவில்லை. 1890ஆம் வருஷத்துக் கால்வாய்-பரிசல்துறைச் சட்டம், படகுக்கு லைசென்ஸ் கொடுப்பது, சுங்கம் விதிப்பது, நீர்வழியைத் திறப்பது அடைப்பது ஆகிய சகல அதிகாரத்தையும் மாகாண அரசாங்கத்திடமும் அதன் உத்தியோகஸ்தரிடமுமே வைத்தது.

நம் நாட்டுக்கு இது புதிதா என்றால், பழைய வழக்கம் வேறாக இருந்தது என்று உத்தரமேரூர்க் கல்வெட்டு சொல்லும். பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், அந்த ஊர்ச் சபை குடவோலை எழுதி, 30 குடும்புகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்து, ஏரி வாரியத்துக்கென்று 6 பேரை நியமித்தது. ஊரின் நீர் ஊரின் வாரியத்திடம். ஏரி ஓர் ஊருக்குள் அடங்கும், ஆற்றை ஆற்றோடு சேர்ப்பது பல ஊர்க் காரியம் என்று எதிர்வாதம் செய்யலாம். அதற்கும் கடல் கடந்த பதில் ஒன்று உண்டு. அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தின் கழிவுநீர், குடிநீர் எடுக்கும் ஏரியிலேயே போய்க் கலந்துவிட, 1889இல் அந்தப் பகுதி ஜனங்கள் வாக்களித்து ஒரு சுகாதார மாவட்டத்தை நிறுவினார்கள். வரி விதிக்கவும் கால்வாய் வெட்டவும் அதிகாரம் பெற்ற அந்த ஸ்தல ஸ்தாபனம், சிக்காகோ நதியை டெஸ் பிளெய்ன்ஸ் நதியோடு இணைக்கும் 28 மைல் கால்வாயைத் தோண்டி, 1900 ஜனவரி 2ஆம் தேதி திறந்து, நதியின் ஓட்டத்தையே மறுபக்கம் திருப்பிவிட்டது. கீழ்நாட்டு மிசௌரிக்காரர்கள் உங்கள் அழுக்கு எங்கள் வாசலுக்கு வருகிறதே என்று வழக்குப் போட்டு, 1906இல் தோற்றார்கள். நகரசபைகளுக்கு அதிகாரம் கொடுத்தால் அண்டைவீட்டுக்காரன் கதி என்னவாகும் என்பதற்கும் அதுவே உதாரணம் என்பதை மறைக்க நான் விரும்பவில்லை.

சென்னைக் கால்வாய் ஏறத்தாழ 80, 90 வருஷம் உழைத்தது. ஸ்ரீஹரிகோட்டாப் பக்கத்து விறகும், எண்ணூர் உப்பும், வைக்கோலும், கிளிஞ்சலும் நகரத்தின் அடுப்புக்கும் சுவருக்கும் மாட்டுக்கும் அதில்தான் வந்தன. கரையோரம் விறகுத் தொட்டிகள் முளைத்தன. காற்று உதவினால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் ஒருவன் தோளில் கயிறு மாட்டிக் கரைமேல் குனிந்து நடக்க, படகில் இருப்பவன் மூங்கில் கழியால் கரையைத் தள்ளித் தள்ளிப் படகு முட்டாமல் பார்த்துக்கொள்வான். பாலம் வந்துவிட்டால் பாய்மரத்தைச் சாய்த்து, கயிற்றுக்காரன் கயிற்றை உள்ளே எறிந்துவிட்டு, பாலத்தின்மேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மயிலாப்பூரில் காய்கறிப் படகுகள் ஒதுங்கிய இடத்தில் எழுந்த சந்தைக்குத் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்றே பெயர் நிலைத்தது.

பிறகு லாரி வந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயலும் 1976இன் புயலும் கரையை உடைத்தன. முகத்துவாரங்கள் அடைபட்டு, ஓட்டமற்ற இரண்டு நதிகளின் நடுவே நின்ற நீரில் நகரத்தின் கழிவு சேர்ந்தது. இதற்கிடையில் அதிகாரம் என்ற விஷயம் குறையவில்லை, பெருகிற்று. அரசியல் சாசனத்தின் ஏழாம் அட்டவணையில் கால்வாய் மாநிலப் பட்டியலின் 17ஆவது இனம். தேசிய நீர்வழி என்று பார்லிமெண்ட் அறிவித்துவிட்டால் இயந்திரப் படகுப் போக்குவரத்து மத்தியப் பட்டியலின் 24ஆவது இனம். 1978இல் குடிநீர், கழிவுநீர் வாரியம் ஏற்பட்டு, சாக்கடை மாநகராட்சியின் கையைவிட்டுப் போயிற்று. 1992இல் 74ஆவது திருத்தம் நகர ஸ்தாபனங்களுக்கென்று 18 விஷயங்களைப் பட்டியலிட்டது. அவற்றில் கால்வாய் இல்லை. 2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான நீர்வழி, கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளோடு சேர்ந்து, 4ஆவது தேசிய நீர்வழி ஆயிற்று. அந்தப் பிரகடனத்தின்படி லஸ் முனையில் நிற்கும் கரிய நீர் ஒரு தேசியப் பெருவழி.

டியூக்கின் வேடிக்கையில் மறுபாதி என்று முன்னே சொன்னேனே, அது பறக்கும் ரயில். நிலம் வாங்கும் தொல்லையும் குடியிருப்புகளை அகற்றும் தொல்லையும் இல்லாமல் நகரத்தின் நடுவே தெற்கு வடக்காக ஒரு பாதை கிடைக்குமா என்று தேடியவர்கள் கண்ணில் பட்டது, பஞ்சகாலத்தில் ஆர்ஜிதம் செய்து வைத்த இந்த 5 மைல் கோடுதான். 1995இல் சேப்பாக்கம் வரையிலும், 1997இல் திருமயிலை வரையிலும், 2004இல் அடையாற்றைத் தாண்டித் திருவான்மியூர் வரையிலும் ரயில் ஓடிற்று; அதன் தூண்கள் பலவும் கால்வாய்க்குள்ளேயே இறங்கின, நிலையங்களும் நீருக்கு மேலேயே கட்டப்பட்டன. இதற்கு யாரிடம் உத்தரவு கேட்டார்கள் என்று ஐயப்படுகிறவர்கள் 1989ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 11ஆவது பிரிவைப் படிக்கலாம். வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும், நதி, கால்வாய், ஓடை எதன்மேலும் எதனுள்ளும் ரயில்வே நிர்வாகம் வேலை செய்யலாம் என்பது அதன் சாரம். 1870ஆம் வருஷச் சட்டத்தின் பிரகடனத்துக்கு ஏற்ற பேரன். டியூக் உயிரோடிருந்தால், ரயில்வேக்காரர் என்ற முறையில் ரசித்திருப்பாரோ, கால்வாய்க்காரர் என்ற முறையில் கோபித்திருப்பாரோ, தெரியாது.

இந்த அத்தியாயத்தை எழுதுமுன் ஒரு காலைப் பொழுதில் திருமயிலை நிலையத்தின் அடியில் போய் நின்றேன். தலைக்கு மேல் ரயில் அதிர்ந்து போயிற்று. கீழே தூணைச் சுற்றி ஆகாயத் தாமரை ஒரு சாண் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அதன்மேல் ஒரு கொக்கு நடந்து போயிற்று, மூழ்கவில்லை. அங்கிருந்து மார்க்கெட்டுக்குள் நடந்து, வாழையிலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒருவரிடம், “தண்ணீர்த்துறைன்னு ஏங்க இதுக்குப் பேரு?” என்று கேட்டேன். அவர் இலையைச் சுருட்டிக் கயிறு போட்டுக்கொண்டே, “முன்னெல்லாம் தண்ணி லாரி இங்கதான் சார் வந்து நிக்கும்” என்றார்.

கால்வாய் 1882இல் மரக்காணத்து உப்பளங்களை எட்டிய கதை அடுத்த இதழில்.